கேட்டில் மாட்டி வைக்காத செம்பருத்திக் குச்சி

சரவணா,

உன் செய்தியைப் படித்தேன். எட்டு மாதத்தில் என் போனுக்கு நீ அனுப்பியிருக்கிற முதல் செய்தி அது. அம்மாவின் செம்பருத்தியில் ரெண்டு குச்சி வேண்டும், அமுதா கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பையில் போட்டு கேட்டில் மாட்டி வைத்துவிடுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. கூரியர்காரர்கூடக் கையெழுத்து வாங்கும்போது முகத்தைப் பார்க்கிறார். ஆதம்பாக்கம் என்ன ஆஸ்திரேலியாவிலா இருக்கிறது? மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரியில் இறங்கினால் அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ. அந்தத் தூரத்தை எட்டு மாதமாக உன்னால் கடக்க முடியவில்லை. இப்போது கடந்து வந்தும் கேட்டைத் தாண்ட மனசில்லை. பார், எழுத உட்கார்ந்தால் குறைதான் முதலில் வருகிறது. அது என் பிறவிக் குணம், உனக்குப் புதிதில்லை. உன்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியது நான்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரியாத விஷயங்கள் சில இருக்கின்றன. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் தபாலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடும்.

முதலில் குச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை கேட்டில் மாட்டப் போவதில்லை. செடியில் மாவுப்பூச்சி இருக்கிறது. பார்க்காமல் ஒரு குச்சியை ஒடித்துக்கொடுத்தால் உன் வீட்டு பால்கனியில் இருக்கிற துளசி வரைக்கும் அது பரவிவிடும். நுனிக் கொழுந்தில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளையாகத் தெரியும். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடுக்கில்தான் முதலில் குடியேறும். பிறகு கொழுந்து சுருண்டுகொள்ளும், மொட்டு விரியாமலே உதிரும். இலையைத் தொட்டால் பிசுபிசுக்கும். அது பூச்சி விடுகிற தித்திப்பான கழிவு. அதைத் தின்ன எறும்பு வரும், வந்தால் சும்மாவும் போகாது, பூச்சிக்குக் காவல் இருக்கும், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தூக்கிக்கொண்டும் போகும். அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரி பூசிய மாதிரி பூசணம் படியும். அதைப் பார்த்துச் செடிக்கு வேறு ஏதோ வியாதி என்று நினைத்துக் கண்ட மருந்தை வாங்காதே. இலைக்கு அடியில் பச்சையாகவோ கறுப்பாகவோ சின்னச் சின்னதாகக் கூட்டமாக ஒட்டியிருந்தால் அது அசுவினி, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். செடியை ஆட்டியதும் வெள்ளைத் தூசி போலப் பறந்தால் வெள்ளை ஈ. இன்றைக்கு இதையெல்லாம் ஒப்பிக்கிறேனே தவிர, போன வருஷம் எனக்கு வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றுதான்.

முப்பத்தொரு வருஷம் அம்பத்தூரில் தரப் பரிசோதனையில் வேலை பார்த்தவன் நான். பெல்ட்டில் வருகிற உருப்படியை ஒரு பார்வை பார்த்தால் போதும், பழுது எங்கே என்று சொல்லிவிடுவேன். இதை உன்னிடம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த பூதக்கண்ணாடி இன்னும் என் மேஜையில் இருக்கிறது. உன் கல்யாணமாகி அமுதா இந்த வீட்டுக்கு வந்தபோது அவளையும் அப்படித்தான் ஒரு பார்வை பார்த்தேன். நொச்சிக்குப்பத்துப் பெண், அம்மா ரோட்டோரம் மீன் விற்கிறவர், இவள் அடையாறில் நாலு அப்பார்ட்மென்ட்களின் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். ஒரு பார்வையில் முடிவு கட்டிவிட்டேன். வாயால் எதுவும் சொல்லவில்லை. ரொம்பப் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் பெருந்தன்மை அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

போன வருஷம் மழை முடிந்ததும் செடியில் முதன்முதலாக மாவுப்பூச்சி வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நான் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வெள்ளைக்கு நடுவே இன்னும் பெரிதாக, இன்னும் வெள்ளையாக, உடம்பெல்லாம் நூல் நூலாகத் தொங்குகிற சில உருப்படிகள் இருந்தன. தலைவர்களே இவர்கள்தான் என்று அவற்றை முதலில் ஒழிக்க ஆரம்பித்தேன். அமுதா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், செருப்பை மாட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து குனிந்தாள். "மாமா, அது மாவுப்பூச்சி இல்ல. மாவுப்பூச்சியைத் துன்ற வண்டோட புழு. பாக்கத்தான் அதே மாரி கீது. தொட்டா பாருங்க, இது விறுவிறுன்னு ஓடும். வுட்டுடுங்க, அதுவே செடியைச் சுத்தம் பண்ணிடும்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு நின்ற வாக்கில் ஒருத்தி பாடம் எடுக்கிறாள். "சரிம்மா, உனக்கு நேரமாகுது பார்" என்றேன். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் காத்திருந்து, ஓடுகிற புழுக்களைத் துரத்தித் துரத்தித் தேய்த்துக் கொன்றேன். எட்டோ ஒன்பதோ இருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த திருப்தியை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

செடியைச் சொல்லிக் கதையை வேறெங்கோ கொண்டுபோகிறேன் என்று நினைப்பாய். கொண்டுபோகத்தான் போகிறேன். ஆனால் அதற்குமுன் உன் அம்மாவின் டிவிஎஸ் ஃபிஃப்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ நாலாவது படித்தபோது அவள் அதில்தான் உன்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள், அதில்தான் தி. நகர் போய்த் துணி எடுத்து வருவாள். ஒரு நாள் லஸ் பக்கத்தில் மணலில் சறுக்கி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. நான் ஒரு வாரத்துக்குள் வண்டியை விற்றுவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. ஆபீசிலிருந்து வந்து, வண்டி போய்விட்டது, இனிமேல் ஆட்டோவில் போ என்றேன். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் அவள் விழுந்ததை நடித்துக்காட்டிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதன்பிறகு எதையாவது தவறவிட்டாலோ உடைத்தாலோ அவள் என்னிடம் சொல்வதில்லை என்பது எனக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் உறைக்கிறது. அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருத்தியின் கையிலிருப்பதைப் பிடுங்கினால், அவள் அடுத்தது எதை இழக்கிறாள் என்பதை உனக்குக் காட்டவே மாட்டாள். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி என்று ஒன்று இருந்தால் அது இதுதான். எழுதி மாட்டி வைத்துக்கொள்.

அமுதா வந்த ஆறாவது மாதத்திலிருந்து வீட்டில் சாமான்கள் இடம் மாறத் தொடங்கின. நடையில் இருந்த முக்காலி மாடிப்படிக்கு அடியில் போனது. நான் செய்தித்தாள் படிக்கிற நாற்காலி சுவரோரம் போனது. கூடத்து மிதியடியைக் காணோம். சாமி விளக்கு தரையிலிருந்து அலமாரித் தட்டுக்கு ஏறியது. சமையலறையில் ஒவ்வொரு டப்பாவுக்கும் ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள், ஒன்றுக்கு ஒன்று, இன்னொன்றுக்கு ரெண்டு, சிலதுக்கு மேலேயும் கீழேயும். எல்லாம் எண்ணி வைத்த மாதிரி ஒரே வரிசை, ஒரு டப்பாவை நகர்த்தினால்கூட மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடும். சனிக்கிழமை மத்தியானமானால் மாமியாரும் மருமகளும் தி. நகர் போகிறோம் என்று கிளம்பிவிடுவார்கள், திரும்பும்போது கையில் ஒரு கைக்குட்டைகூட இருக்காது. நான் என்ன நினைத்தேன்? இந்தப் பெண் என் மனைவியை மயக்கி, வீட்டைத் தன் கைக்குள் கொண்டுவருகிறாள் என்று நினைத்தேன். உன் அம்மா அவளுக்கு எதிராக வாயைத் திறக்காததும் எனக்கு அதையே உறுதிப்படுத்தியது. ஆதாரம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வரிசையாக இருந்தது. நான் தப்பான வழக்குக்கு அதைச் சேர்த்தேன்.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும், நீயும் கூடத்தில்தான் இருந்தாய். அவள் என் மேஜையை ஒரு முழம் நகர்த்தினாள், கூர்முனை நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் என் கையால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். "இது என் வீடு. உங்க குப்பம் இல்ல, இஷ்டத்துக்கு இழுத்துப் போடறதுக்கு." அமுதா என்னைப் பார்க்கவில்லை. உன் அம்மாவைப் பார்த்தாள். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "சரி மாமா" என்றாள் அந்தப் பெண், மேஜையைத் திரும்பப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தாள். அவள் அன்று உன் அம்மாவிடமிருந்து ஒரே ஒரு வார்த்தையை எதிர்பார்த்தாள், அது வரவில்லை என்று தெரிந்ததும் அவளாகவும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். நீ போனது சரி. உன் இடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே போயிருப்பேன்.

நீங்கள் போன மறுநாள் நான் செய்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். சமையலறையில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு ரப்பர் பேண்டாக வெட்டினேன். முக்காலியையும் மிதியடியையும் பழைய இடத்தில் போட்டேன். டப்பாக்களைப் பழைய வரிசையில் அடுக்கினேன். வீடு மறுபடி வீடாகிவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுத்த வாரமே காபியில் உப்பு வந்தது, ரசத்தில் சர்க்கரை வந்தது, முழங்காலில் முக்காலி இடித்த காயம் வந்தது. வயசாகிவிட்டது உன் அம்மாவுக்கு என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அமுதா அவள் போனுக்குக் கூப்பிடுவாள். உன் அம்மா அப்போதெல்லாம் போனை எடுப்பதே இல்லை, நான்தான் எடுப்பேன். தூங்குகிறாள் என்பேன். நாலு மணிக்கு யார் தூங்குகிறார்கள்? "அத்தை மருந்து போட்டாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க மாமா" என்றாள் ஒரு தடவை. முழங்கால் தைலத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று வைத்துவிட்டேன். ஐந்தாறு சனிக்கிழமை கூப்பிட்டாள். பிறகு நின்றுவிட்டது. நீ வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பியதையெல்லாம் அவள் பார்க்கவில்லை, நீலக் குறி வரவில்லை என்று உனக்கும் கோபம் வந்திருக்கும். அவளால் படிக்க முடியவில்லை சரவணா. என்னைப் படித்துக் காட்டச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை.

செடி எனக்கு முன்னால் விஷயத்தைச் சொல்லிவிட்டது. நான் சுத்தம் செய்ததாக நினைத்த இடத்தில் இரண்டு மடங்கு வந்தது. எறும்பு வரிசை சுவரைத் தாண்டிப் போனது. ஒரு நாள் சாயங்காலம் உன் அம்மா செடியைத் தடவிக்கொண்டே, இலை பிசுபிசுவென்று இருக்கிறது, கிளை முழுக்க ஏறிவிட்டது என்றாள். நான் பூதக்கண்ணாடியால் பார்த்து, இல்லை நுனியில்தான் இருக்கிறது என்றேன். அவள் சொன்னதுதான் சரி. கடைசியில் ஒரு கொம்பை ஒடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு அடையாறில் ஒரு நர்சரிக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்தவர் கவரைத் திறக்காமலே சொன்னார், மருந்து எதுவும் அடிக்காதீர்கள், உள்ளே வண்டுப் புழு ஒன்று ஓடுகிறது பாருங்கள், இது இருந்தால் உங்களுக்கு வேலையே இல்லை என்று. அமுதா சொன்ன அதே வார்த்தை. வழி நெடுக எனக்கு முகம் எரிந்தது.

அவமானத்தைக் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைத்து, வந்ததும் உன் அம்மாவை வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டேன். கொம்பையும் பூதக்கண்ணாடியையும் அவள் கையில் கொடுத்து, இதோ இந்த ஓரத்தில் பார், பெரிதாக வெள்ளையாக ஓடுகிறதே, அதுதான் என்றேன். அவள் கண்ணாடியை ஏந்திக்கொண்டு வேறு எங்கோ பார்த்தாள். இங்கே, இங்கே என்று விரலை நீட்டினேன். விரல் அவளுக்குத் தெரியவில்லை. அவள் காதுப் பக்கமாகக் கையைக் கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தேன். "ஆட்டாதீங்க" என்றாள். "காத்து தெரியுது. கை தெரியல."

கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோயாம். ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருமாம். நேராக இருப்பது மட்டும் ஒரு குழாய் வழியாகத் தெரிவது போலத் தெரியுமாம். அமுதாதான் முதலில் கவனித்திருக்கிறாள், உன் அம்மா ஒரே பக்கத்துத் தோளைச் சுவரில் இடித்துக்கொள்வதை வைத்து. சனிக்கிழமைகளில் போனது துணிக்கடைக்கு இல்லை, கண் ஆஸ்பத்திரிக்கு. தினமும் சொட்டு மருந்து போட்டால் மேற்கொண்டு போகாமல் நிறுத்தி வைக்கலாம். மாமாவிடம் சொல்லாதே, சரவணனிடமும் சொல்லாதே, அவன் அப்பாவிடம் சொல்லிவிடுவான் என்று உன் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தப் பெண் அதைக் காப்பாற்றினாள். வீட்டைவிட்டுப் போகும்போதும் காப்பாற்றினாள். ரப்பர் பேண்ட் எல்லாம் விரலுக்காகப் போட்டது. மருந்து தீர்ந்தபின் உன் அம்மாவுக்குத் தனியாகப் போக முடியவில்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று அன்றைக்குக் கத்தினேன். "ஒரு தடவை விழுந்ததுக்கு வண்டியை வித்தீங்க. கண்ணுன்னு சொன்னா சமையல்கட்டையும் பூட்டிடுவீங்க. ஊர் பூரா சொல்லிச் சிரிப்பீங்க" என்றாள். அழவில்லை. பல நாளாக மனசுக்குள் சொல்லிப் பழகிய மாதிரி சொன்னாள்.

மறுநாள் நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நர்ஸ் ஃபைலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க பொண்ணு வரலையா?" என்று கேட்டார். பொண்ணு என்றுதான் உன் அம்மா அங்கே சொல்லி வைத்திருக்கிறாள். டாக்டர் என்னைப் பார்த்து, ஐந்து மாதம் மருந்து போடாமல் விட்டிருக்கிறீர்களே, போனது திரும்ப வராது, இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்றார். ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் போனை எடுத்தவன் நான். இதை உனக்கு எழுத ஆறு வாரம் ஆகியிருக்கிறது என்றால் காரணம் வேறொன்றுமில்லை, பயம். உன்னையும் கொஞ்சம் கேட்கிறேன், கேட்க யோக்கியதை இல்லைதான். நீயும் எட்டு மாதத்தில் ஒரு தடவை நேரில் வந்து உன் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கலாம். செய்திக்குப் பதில் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு இருந்துவிட்டாய். என் ரத்தம்தானே நீயும். நமக்கெல்லாம் நம் கோபம் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

இப்போது செடிக்கு என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், உன் செடிக்கும் உதவும். பூச்சி அடைந்த நுனிகளை வெட்டி, கீழே போடாமல் கவரில் கட்டி அப்புறப்படுத்து. எறும்பு ஏறுகிற தண்டைத் துடை, சுவரிலோ கம்பியிலோ செடி உரசாமல் பார்த்துக்கொள், எறும்பு போனால் பாதி வேலை முடிந்தது. புழு இல்லாத கிளையில் மட்டும் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து வெயில் தாழ்ந்தபின் இலைக்கு அடியில் அடி. வெள்ளையாகப் பெரிதாக எது இருந்தாலும் முதலில் ஒரு துரும்பால் தொட்டுப் பார். ஓடினால் விட்டுவிடு. வளர்ந்தபின் அது மிளகு அளவுக் கறுப்பு வண்டாகிவிடும், தலை மட்டும் செம்மண் நிறம். இந்த வாரம் நாலைந்து மறுபடி வந்திருக்கின்றன. நான் பிரஷ்ஷைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். உனக்கான குச்சிகளை உன் அம்மாதான் தேர்ந்தெடுத்தாள், விரலால் அடி முதல் நுனி வரை தடவி, பிசுபிசுப்பு இல்லாத ரெண்டு கொம்பைப் பிடித்துக் காட்டினாள். வெட்டியது மட்டும் நான்.

முக்காலியை மறுபடி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டேன். மேஜையை அவள் சொன்ன இடத்துக்கு நகர்த்திவிட்டேன். கடைக்குப் போய் ஒரு பாக்கெட் ரப்பர் பேண்ட் வாங்கி வந்து, டப்பாக்களை எதிரில் பரப்பிக்கொண்டு, உப்புக்கு எத்தனை, சர்க்கரைக்கு எத்தனை என்று உன் அம்மாவைக் கேட்டேன். மறுபடி கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "கட்டினவ வந்து கட்டட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் பூங்காவுக்குப் போய்விடுவேன். அமுதாவையும் அழைத்து வா, அவள் என் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் வரலாம் என்று அவள் சொன்னால் போன் செய், வந்து நின்று கேட்க வேண்டியதை அவளிடம் கேட்கிறேன். சொல்லாவிட்டால் நீங்கள் கிளம்பியபின் வருகிறேன். குச்சிகள் கேட்டில் இருக்காது, வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற உன் அம்மாவின் மடியில் இருக்கும். பக்கவாட்டில் போய் நிற்காதீர்கள், அவளுக்குத் தெரியாது. நேர் எதிரே போய் நில்லுங்கள். ரப்பர் பேண்ட் பாக்கெட் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.

அப்பா